பேசினாலும் குற்றம்

டெலிபோனுக்குப் பூட்டுப் போட்ட காலத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சுழற்றும் டயலின் துளையொன்றில் நகமளவு பூட்டைச் செருகிவிட்டால் டயல் அசையாது. வருகிற கோலை எடுக்கலாம், வெளியே எடுக்க முடியாது. கூட்டுறவுச் சங்கம், அதிபர் அறை, நெல் ஆலை என்று எங்கும் இந்தப் பூட்டு இருந்தது. சாவி முதலாளியின் இடுப்பு வாரில் இருந்தது.

பூட்டைச் செய்தவன் யோசிக்காத ஒன்றைக் கந்தளாயில் ஆலைக் கணக்கப்பிள்ளை ஒருவர் யோசித்திருந்தார். டயல் சுழன்று திரும்பும்போது லைன் எத்தனை முறை அறுந்து ஒட்டுகிறது என்பதைத்தான் எக்ஸ்சேஞ்ச் எண்ணுகிறது. ரிசீவர் வைக்கும் தாங்கியின் பொத்தானை அதே வேகத்தில் தட்டினாலும் அதற்கு அது டயல்தான். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூச்சியத்துக்குப் பத்து. மிருதங்கம் படித்தவரைப் போலத் தாளம் தப்பாமல் அவர் கொழும்பு எண்ணொன்றைத் தட்டி எடுப்பார். மாத முடிவில் பில் வரும். அதில் யூனிட்டுகளின் கூட்டுத்தொகை இருக்கும். யார், எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு வரியும் இராது. முதலாளி பூட்டை இழுத்துப் பார்ப்பார், சாவியைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு ஊரையே திட்டுவார்.

அந்த முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பேராற்றுப் பக்கத்தில் ஆலை. நெல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்தது. அரிசி போய்ச் சேருவது கம்பஹாவில் இருக்கிற மரந்தகஹமுலச் சந்தைக்கு. இரண்டுக்கும் நடுவில் டெலிபோன். இன்று சம்பா என்ன விலை, நாட்டரிசி என்ன விலை என்று காலையில் ஒரு கோலில் கேட்டுக்கொண்டால்தான் மத்தியானம் லொறி ஏற்றலாம். ஆக, கோல் எடுக்காமல் வியாபாரம் இல்லை. எடுத்தால் பில். ஹாஜியாரின் இரத்த அழுத்தம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஏறி இறங்கியது.

அப்போதெல்லாம் லைன் கிடைப்பதே ஒரு வரம். டெலிகொம் திணைக்களம் 1991இல் கூட்டுத்தாபனமான பிறகும், விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1996இல் சன்டெல்லும் லங்கா பெல்லும் கம்பியில்லாத் தொலைபேசியோடு வந்தன. 1997இல் ஜப்பானின் என்டிடி, ஸ்ரீலங்கா டெலிகொம்மில் 35 சதவீதப் பங்கை வாங்கியது. அதன் பிறகே ஆலைக்கு மூன்று லைன் என்ற ஆடம்பரத்தை ஹாஜியார் நினைத்துப் பார்த்தார். மூன்று லைன் வந்தால் அவற்றை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிஏபிஎக்ஸ் பெட்டி வேண்டும். பிஏபிஎக்ஸ் வேண்டுமென்றால் திருகோணமலையிலிருந்து நான்.

1998இல் பெட்டியைக் கொண்டுபோனேன். மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன், கூடவே ஒரு பட்டறி, ஒரு சுருள் கம்பி. யுத்தகாலத்துச் சோதனைச் சாவடியில் இம்மூன்றையும் ஒரே பையில் கொண்டுபோவது எப்படிப்பட்ட யோசனை என்று சொல்லத் தேவையில்லை. "மே மொக்கத?" என்று கேட்டார்கள். டெலிபோன் என்றேன். டெலிபோனில் டயல் எங்கே என்றார்கள். ஒரு டெலிபோனுக்குள் எட்டு டெலிபோன் இருக்கிறது என்று அரைச் சிங்களத்தில் விளக்க விளக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஹாஜியாரின் எண்ணுக்கு அவர்களே கோல் எடுத்துக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். அந்தக் கோலின் செலவை ஆலைக்குப் போட முடியாதே என்று ஹாஜியார் பிறகு மகிழ்ந்தார்.

பெட்டியைச் சுவரில் பூட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இது ஆரு பேசினதெண்டு எழுதுமா?"

எழுதும். அதற்காகத்தான் அவர் அந்தப் பணத்தைக் கொடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் துளை ஒன்று இருக்கும். ஒவ்வொரு கோல் முடிந்ததும் அதன் வழியே ஒரு வரி வெளியே வரும்: தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், எந்த லைன், டயல் பண்ணிய எண், எவ்வளவு நேரம். அந்தத் துளையில் ஒரு டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரை மாட்டினால் அதுவே ரிப்போட். பிரின்டரோ கணினியோ, வேகம் 9600, எட்டு பிட், பரிட்டி இல்லை, ஒரு ஸ்டொப் பிட் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். ஒரு பக்கம் பிசகினால் பிரின்டர் சதுரமும் நட்சத்திரமுமாக அடித்துத் தள்ளும். அதையும் ஒரு மாதிரியாக வாசிக்க முயன்ற முதலாளிகள் இருந்தார்கள்.

அமைக்கும்போது ஹாஜியார் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். உள்ளே வருகிற கோலையும் அடிக்கட்டுமா என்றேன். "அதுக்குக் காசா? வேணாம், பேப்பர் வீண்." வெளியே போவதை மட்டும் அடிக்கச் சொன்னார். உள்ளூர்க் கோலையுமா? ஒன்று விடாமல். எல்லா எக்ஸ்டென்ஷனுமா? இங்கே கொஞ்சம் தாமதித்தார். "இஞ்ச பாருங்க தம்பி, என்ட போனை மட்டும் விட்டுடுங்க."

அடுத்தது கணக்குக் குறியீடு. வெளியூர்க் கோல் எடுக்குமுன் ஒவ்வொருவரும் தமக்கென்று கொடுத்த இலக்கங்களைத் தட்ட வேண்டும். அப்போது எந்த மேசையிலிருந்து பேசினாலும் ஆள் அகப்படுவார். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் அலுவலகத்தில், ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டும் இலக்கங்களைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அடுத்த மாத ரிப்போட்டில் ஆலையிலேயே அதிகம் பேசியவர் ஹாஜியார். பள்ளிவாசலில் இருந்த நேரத்திலும் பேசியிருந்தார்.

அவருக்குப் புரியவே புரியாத ஒன்று, எதிர்முனையில் எடுக்காத கோலும் ரிப்போட்டில் வந்து நிற்பது. இதில் பெட்டியைக் குறைசொல்ல முடியாது. அந்தக் காலத்துச் சாதாரண லைனில், எதிர்முனையில் ஆள் ரிசீவரைத் தூக்கியது பெட்டிக்குத் தெரிய வேண்டுமானால் எக்ஸ்சேஞ்ச் லைனின் இரு கம்பிகளின் மின்முனையையும் மாற்றிக் காட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத லைனில் பெட்டி என்ன செய்யும்? கடைசி இலக்கத்தைத் தட்டிச் சில விநாடி கழிந்ததும், சரி, பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று தானாகவே முடிவுகட்டி மணிக்கூட்டை ஓட விடும். மரந்தகஹமுலவில் யாருமில்லாத கடையில் ஒரு நிமிடம் மணி அடித்தால், ஆலையில் ஒருவர் ஒரு நிமிடம் அரட்டை அடித்ததாகப் பதிவாகும். எக்ஸ்சேஞ்ச் அந்த நிமிடத்துக்குக் காசு எடுக்காது. ஹாஜியார் எடுத்தார். சம்பளத்திலிருந்து.

இந்தச் சந்தேக நோய் கந்தளாயில் மட்டும் வந்ததில்லை. ஆளில்லாமல் தானே இயங்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரோஜர், தொழிலால் பிணப்பெட்டிக்காரர். சாவு வீட்டுக் கோலெல்லாம் போட்டிக் கடைக்கே போகிறது, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்தான் திருப்பிவிடுகிறாள் என்ற சந்தேகத்தில்தான் அவர் அந்த இயந்திரத்தை யோசித்தார் என்று கதை சொல்வார்கள். சந்தேகப்படும் முதலாளி இல்லாவிட்டால் என் தொழிலே பிறந்திராது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நேரம் இன்னொரு சங்கடம். 1996 வறட்சியில் மின்சாரம் தட்டுப்பாடானபோது அரசாங்கம் மே 25ஆம் தேதி நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. திருகோணமலை மாவட்டத்தில் இரண்டு நேரமும் உண்டு. சம்பூர்ப் பக்கத்து நெல்காரர் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்புவார், பத்தரைக்கு வந்து நிற்பார், நேரத்துக்கு வந்ததாகவும் சொல்வார். இரண்டு பேரும் மணிக்கூட்டைக் காட்டுவார்கள். இரண்டும் சரி.

பிஏபிஎக்ஸ் எந்தப் பக்கமும் சாயாது. போட்ட நேரத்தில் ஓடும். உள்ளே இருக்கும் சிறு பட்டறி செத்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் ஜனவரி முதலாம் தேதிக்குப் போய்விடும். வருடத்தின் பாதிக் கோல்களைப் புத்தாண்டு தினத்தில் பேசிய ஆலை அது. 2006 ஏப்ரல் 15இல் அரசாங்கம் பழைய ஐந்தரை மணி நேரத்துக்கே திரும்பியது. அதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 12, திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்து, கலவரமும் தொடர்ந்திருந்தது. அந்த வாரங்களில் கந்தளாய் வீதியில் போய் ஒரு பெட்டியின் மணிக்கூட்டைத் திருத்துவதை யார் நினைப்பார்? நாடு முழுவதும் விட்ட நேரத்தை அந்த ஆலையின் பெட்டி மட்டும் விடாமல் வைத்திருந்தது. ஹாஜியார் அந்த ரிப்போட்டுகளையும் தவறாமல் கோப்பில் போட்டார்.

பிறகு எல்லோர் சட்டைப் பையிலும் போன் வந்தது. பிரின்டரின் ரிபன் காய்ந்தது. ஹாஜியார் மௌத்தானார். பெட்டி சுவரிலேயே இருந்தது. வெளியே கோல் எடுக்க அதை யாரும் தொடுவதில்லை என்பதால், அவர் வாழ்நாள் முழுவதும் கனவு கண்ட மாதாந்த பில் அப்போதுதான் வரத் தொடங்கியது.

கொரோனா ஓய்ந்த பிறகு மகன் கூப்பிட்டார். கொழும்பில் படித்தவர், ஆலையைப் பெரிதாக்கியிருக்கிறார், கீரிச் சம்பாவைப் பைக்கற்றில் போட்டு விற்கிறார். அவர் என்னை அங்கிள் என்று பக்கத்தில் உட்காரவைத்து, புதிதாக ஒன்று பூட்ட வேண்டும் என்றார். ஐபி பிஏபிஎக்ஸ். பைபர் வழியாக லைன். கூடவே கோல் ரிப்போட் மென்பொருள்.

"அங்கிள், எனக்கு ஒண்டுதான் வேணும். ஆர் கோல் எடுக்கேல்ல எண்டு தெரிய வேணும்."

எனக்கு ஒருகணம் சிரிப்பு வந்துவிட்டது. தகப்பன் பேசியவனைத் தேடினார். மகன் பேசாதவனைத் தேடுகிறார். அன்று வருகிற கோலைப் பதிவது பேப்பருக்கு நட்டம். இன்று வெளியே எடுப்பதற்குப் பக்கேஜ் இருக்கிறது, யார் எவ்வளவு பேசினாலும் கவலையில்லை. வந்த ஒரு கோல் எடுபடாமல் போனால் ஒரு வாடிக்கையாளர் பக்கத்து ஆலைக்குப் போய்விட்டார் என்று பொருள். ஸ்ட்ரோஜரின் சந்தேகம் சுற்றிக்கொண்டு பேராற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அமைக்கும் வேலை சுலபமாகியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒன்பது ஊசித் துளை போய்விட்டது. பெட்டிக்கு ஒரு ஐபி முகவரி, ஒரு போர்ட் எண், ஒரு பாஸ்வேட். மென்பொருள் இருக்கும் கணினி அந்தக் கதவைத் தட்டி, பாஸ்வேட்டைச் சொல்லி, வரிகளை வாங்கிக்கொள்கிறது. அந்தக் காலத்துச் சதுரமும் நட்சத்திரமும் வராது. இப்போது பிழையானால் ஒன்றுமே வராது, திரையில் அழகான வட்ட வரைபடங்கள் பூச்சியத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். நேரத்தைப் பெட்டி இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. எதிர்முனை எடுத்த விநாடியும் இப்போது பெட்டிக்குச் சரியாகத் தெரியும். மணி அடித்த நேரம் வேறு, பேசிய நேரம் வேறு என்று இரண்டு கட்டத்தில் எழுதுகிறது. ஹாஜியார் பிடித்த சம்பளத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்கலாம் போல.

முதல் மாத ரிப்போட் வந்ததும் மகன் பதறிக்கொண்டு கூப்பிட்டார். வந்த கோல்களில் முக்கால்வாசி எடுபடவில்லையாம். அலுவலகத்தில் மூன்று பிள்ளைகளையும் நிறுத்திவைத்து விசாரணை. போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து கோல் வந்தால் நாலு மேசையும் ஒன்றாக மணி அடிக்கும்படி வைத்திருந்தது. ஒரு பிள்ளை எடுத்துப் பேசுகிறாள். மென்பொருள் நாலு வரியையும் தனித்தனியே வாங்கி, ஒன்று எடுபட்டது, மூன்று எடுபடவில்லை என்று நேர்மையாக எழுதுகிறது. எவ்வளவு வேகமாக எடுத்தாலும் எழுபத்தைந்து சதவீதம் நட்டம். நாலு மணிக்கும் ஒரே கோல்தான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போனது. கோலை ஆலைக்குள் இன்னொரு மேசைக்கு மாற்றினால் அது இரண்டு கோலாவதையும் சேர்த்துத்தான். விசாரணையில் நின்ற பிள்ளைகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் காணவில்லை.

அடுத்தது வரைபடம். கோல்கள் ஒரு சில மாதங்களில் உச்சத்துக்குப் போகின்றன, சில மாதங்களில் கீழே விழுகின்றன. மென்பொருள் விற்ற இடத்தில் கேட்டால், ஊழியர் ஊக்கம் குறைகிறது, பயிற்சி வகுப்பு வையுங்கள் என்றார்களாம். பெரும்போக நெல் மாசி பங்குனியில் வரும், சிறுபோக நெல் ஆவணியில் வரும், இடையில் குளத்தில் என்ன தண்ணீர் என்று பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிவெடுக்கும் என்பதை வரைபடத்துக்கு எப்படிச் சொல்வது? கந்தளாய்க் குளத்துக்குப் பழைய அரசர்கள் பெயரைச் சிங்கள வரலாறும், குளக்கோட்டன் பெயரைக் கோணேசர் கல்வெட்டும் சொல்லும். யார் கட்டியிருந்தாலும், ஆலையின் டெலிபோன் அடிப்பதை இன்றைக்கும் தீர்மானிப்பது அந்தக் குளத்தின் மதகுதான். பயிற்சி வகுப்பு நடந்தது. சிற்றுண்டி நன்றாக இருந்தது.

இந்த மென்பொருள் தந்ததில் மிகச் சிறந்த ரிப்போட் 2022 மார்ச் கடைசியில் வந்தது. நாட்டில் டீசல் இல்லை, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஆலை ஓடவில்லை. பைபர் பெட்டிக்கும் மின்சாரம் இல்லாததால் வெளியிலிருந்து எடுத்த எவருடைய கோலும் பிஏபிஎக்ஸ் வாசலுக்கே வரவில்லை. வராத கோல் எடுபடாமலும் போகாது. எடுபடாதவை: கிட்டத்தட்ட பூச்சியம். மென்பொருள் பச்சை நிறத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வாழ்த்தும் சொன்னது. சுவரிலிருந்த பழைய பெட்டியை நான் கழற்றியிருக்கவில்லை. ஒரு செப்புக் கம்பி லைன் அதில் மிச்சம் இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வருவதால், இருட்டுக்குள் அந்த லைன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ரிப்போட் கிடையாது.

இவ்வளவும் சரிசெய்த பின்னும் ஒரு கூட்டம் எடுபடாத கோல் ஒவ்வொரு நாளும் வந்தது. ஒரு மணி அடிக்கும், பிள்ளை கையை நீட்டுமுன் நின்றுவிடும். மகன் அந்த எண்களையெல்லாம் எடுத்து, வாடிக்கையாளர் கைநழுவிப் போகிறார்கள் என்று தானே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டார். முதலாவது எண்ணில் எடுத்தவர் அவருடைய லொறிச் சாரதி.

இந்த ஒற்றை மணி தகப்பனார் காலத்து ஏற்பாடு. கொம்யூனிகேஷன் கடையில் காசு கொடுத்துப் பேச வேண்டியிருந்த நாளில் தொடங்கியது. மரந்தகஹமுலவில் அரிசி இறக்கிவிட்டு வரும் லொறி ஹபரணையைத் தாண்டினால் ஒரு மணி. நாட்டாமைகளைக் கூப்பிட்டு வை என்று அர்த்தம். லொறி பழுதென்றால் இரண்டு மணி, நிறுத்தி, மறுபடி இரண்டு மணி. யாரும் எடுக்கக் கூடாது; எடுத்தால் காசு போய்விடும். எடுத்த ஒரு புதுப் பையனை ஹாஜியார் ஏசிய ஏச்சு இன்னும் ஆலையில் பேசப்படுகிறது. பேசக் காசு இல்லாத காலம் போய், பேசுவதற்கு எல்லையே இல்லாத காலம் வந்த பிறகும், சாரதிமார் அந்த ஒற்றை மணியை விடவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு பேச வேண்டாமே என்பது அவர்கள் நியாயம். அதுவும் சரிதான்.

மகன் என்னைக் கூப்பிட்டு, சாரதிமாரின் எண்களை ரிப்போட்டிலிருந்து விலக்கச் சொன்னார். மென்பொருளில் அதற்கு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. எண்ணைப் போட்டால் அதிலிருந்து வரும் கோல் கணக்கில் சேராது. போட்டேன். ஆனால் சாரதியிடம் டயலொக் சிம் ஒன்று, ஹட்ச் சிம் ஒன்று, எதில் சலுகை இருக்கிறதோ அதில் அடிக்கிறார்; கிளீனர் பையனின் போனிலும் அடிக்கிறார். ஒவ்வொரு புது எண்ணும் கைநழுவிய புது வாடிக்கையாளராகத் திரையில் சிவப்பாகத் தோன்றுகிறது. நெல் கொண்டுவரும் உழவு இயந்திரக்காரர்களும் முள்ளிப்பொத்தானைச் சந்தி தாண்டியதும் இப்போது ஒரு மணி அடிக்கப் பழகிவிட்டார்கள். நான் மாதத்துக்கொரு முறை போய்ப் பட்டியலில் எண்களைச் சேர்க்கிறேன், அதற்கு ஒரு சேவைக் கட்டணமும் வாங்குகிறேன். போன முறை பார்த்தபோது விலக்குப் பட்டியல் வாடிக்கையாளர் பட்டியலைவிட நீளமாயிருந்தது. அதில் தன்னுடைய எண்ணையும் சேர்த்துவிடும்படி மகன் கேட்டார்.